ஒரு கோவிற்பற்றும் அதன் இடாப்பும்

சமூகக்கல்விப் பாடத்தில் நாம் எல்லோரும் ஒரு வரி படித்திருக்கிறோம். 1867ஆம் ஆண்டில், கண்டி மாவட்டத்து லூல்கந்துர தோட்டத்தில், ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார் என்பதே அது. பரீட்சைக்கு அவ்வளவும் போதும். அவர் பிறந்த ஊரின் பெயர் பாடப்புத்தகத்தில் இல்லை. இன்று நம்மிற் பலர் பிரித்தானியாவில் வாழ்கிறோம். அபர்டீனிலிருந்து தெற்கே போகும்போது, அறியாமலே அந்த ஊர்ப்பக்கம் கடந்து போயிருப்போம்.

ஊரின் பெயர் ஃபோர்டூன். கின்கார்டின் பகுதியில், கிராம்பியன் மலையடிவாரத்தில், செம்மண் வயல்கள் சூழ்ந்த ஒரு சிறு 'பரிஷ்'. யாழ்ப்பாணத்தில் நம் முன்னோர் கோவிற்பற்று என்று அழைத்த அதே வகைப் பிரிவுதான். ஆக்கன்பிளே என்பது அதிலுள்ள கிராமம். அங்குள்ள தேவாலய வளவில் புனித பலேடியஸின் பழைய சிற்றாலயம் இடிந்த நிலையில் நிற்கிறது. அவர் பெயரால் 'பால்டி சந்தை' என்றொரு சந்தையும் இங்கே கூடிவந்தது. தேவாலயத்துள் பிக்டியர் காலக் கல் ஒன்று இருக்கிறது. சிலுவையும் குதிரை வீரரும் செதுக்கிய கல். 1546இல் சென்ற் அன்ட்ரூஸில் மரணதண்டனைக்கு உள்ளாகி எரிக்கப்பட்ட சீர்திருத்தப் போதகர் ஜோர்ஜ் விஷார்ட்டின் குடும்பம் இந்தப் பற்றிலுள்ள பிற்றாரோவைச் சேர்ந்தது. மனிதனுக்கும் வாலில்லாக் குரங்குக்கும் உறவுண்டென்று டார்வினுக்கு முன்பே எழுதி ஊராரின் நகைப்புக்கு ஆளான நீதிபதி மொன்பொடோவின் வீடும் இங்கேதான். மருத்துவம் படித்த நமக்கு அவர்மேல் ஒரு தனிப் பிரியம் வருவதில் வியப்பில்லை.

ஆனால் நம்மை அதிகம் நிறுத்திவைப்பது அங்கிருந்த பள்ளிக்கூடந்தான். ஒவ்வொரு பற்றிலும் ஒரு பாடசாலை இருக்கவேண்டும், செலவை நிலவுடைமையாளர் ஏற்கவேண்டும் என்று ஸ்கொட்லாந்தில் 1696இலேயே சட்டம் வந்தது. பின்னாளில் பெயர்பெற்ற கவிஞர் ஜேம்ஸ் பீற்றி 1753இல் ஃபோர்டூன் பாடசாலைக்கு ஆசிரியராகத்தான் வந்தார். 1835 மார்ச் 29இல், மொஸ்பார்க் என்ற சிறு குடிசையில், வண்டிச்சில்லுத் தச்சர் ஒருவரின் மகனாகப் பிறந்த டெய்லரும் அவ்வூர்ப் பள்ளியில் படித்து, அங்கேயே இளம் உதவியாசிரியராகவும் இருந்தார். 1852இல், பதினேழு வயது நிரம்பும் முன்னரே, இலங்கை வந்து சேர்ந்தார். அவர் தகப்பனாருக்கு எழுதிய கடிதங்கள் இன்று ஸ்கொட்லாந்துத் தேசிய நூலகத்தில் இருக்கின்றன. தச்சர் வீட்டுப் பிள்ளையின் கடிதம் நூலகம் ஏறுவதற்கு முதலில் அந்தப் பிள்ளைக்கு எழுதத் தெரியவேண்டும். அதை அப்பள்ளி கொடுத்தது.

எழுதிவைப்பதில் அந்நாட்டாருக்கு ஒரு பிடிவாதமே உண்டு. 1790களில் சேர் ஜோன் சின்கிளேயர் 160க்கு மேற்பட்ட கேள்விகளை அச்சிட்டு எல்லாப் பற்றுகளின் போதகர்களுக்கும் அனுப்பினார். மண், மழை, நோய், கூலி, பள்ளிக்கூடம் எல்லாம் அதில் அடக்கம். பதில்கள் 21 தொகுதிகளாயின. நமக்கும் இது புதிதல்ல. ஒல்லாந்தர் காலப் பள்ளிக்கூடத் தோம்பு நம் கோவிற்பற்றுகளிலும் இருந்ததே.

லூல்கந்துரவிலோ கதை வேறு. மன்னார் வழியாகக் காட்டுப் பாதையில் நடந்து வந்த தமிழர் அங்கே காடு வெட்டினார்கள், கன்று நட்டார்கள். அக்காலத் தோட்டங்களில் தொழிலாளிக்கு முக்கியமான தாள் 'துண்டு'. அவர் பட்ட கடனைச் சொல்லும் சீட்டு. அந்தக் கடனைத் தீர்க்க உடன்படும் தோட்டத்துக்கே அவர் மாறிப்போகலாம். 1921இல்தான் அது ஒழிக்கப்பட்டது. பின்பு 1948இன் குடியுரிமைச் சட்டம், இங்கே பிறந்தவரிடமும், தகப்பன் இங்கே பிறந்தவர் என்பதற்கு, அல்லது பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்பதற்கு, ஆதாரம் கேட்டது. அடுத்த ஆண்டுச் சட்டம் தொடர்ந்து வசித்ததற்குச் சான்று கேட்டது. லயத்தில் பிறந்த பிள்ளைக்கு எங்கே பத்திரம்? விண்ணப்பித்தவர்களிற் பெரும்பாலோர் நிராகரிக்கப்பட்டார்கள். 1964 உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதியது. தேயிலையை நட்டவர்களின் பேரப்பிள்ளைகள், நட்டதற்குச் சாட்சி இல்லாததால், நாடற்றவர்களானார்கள்.

டெய்லர் 1892 மே 2ஆம் திகதி வயிற்றோட்டத்தால் இறந்தார். வேலையை விட்டுப் போகும்படி நிர்வாகம் அதற்குச் சற்று முன்தான் கேட்டிருந்தது. 24 தொழிலாளர் மாறிமாறித் தோள்கொடுத்து அவர் உடலைக் கண்டிக்குச் சுமந்து வந்தார்கள் என்பர். மஹியாவ மயானத்திலுள்ள கல் அவர் பெயரோடு தேயிலையையும் சிங்கோனாவையும் குறிப்பிடுகிறது. சிங்கோனா என்றால் நம் பாட்டிமார் காய்ச்சலுக்குக் குடித்த கொயினாவின் மரம். சுமந்தவர்கள் எவர் பெயரும் அக்கல்லில் இல்லை.

நம் சங்கத்திலும் தோட்டங்களிலிருந்து வந்து படித்தவர்கள் இருக்கிறார்கள். தோட்டப் பாடசாலைகளிற் படிப்பித்தவர்களும் இருக்கிறார்கள். உங்கள் வீட்டு அலுமாரியில் ஒரு துண்டோ, செக்ரோல் பக்கமோ, பாட்டியின் பழைய கடவுச்சீட்டோ கிடந்தால், படமெடுத்துச் சங்கச் செயலாளருக்கு அனுப்பிவையுங்கள். தாளின் பின்பக்கத்தையும் சேர்த்து எடுங்கள். பெயர்கள் பல வேளை அங்கேதான் எழுதியிருக்கும்.