சந்தியில் ஆர் பிழை?

ஒரு வாகனத்தின் முகப்பு இன்னொன்றின் விலாவில் போய் மோதுவது பெரும்பாலும் சந்திகளில்தான் நடக்கிறது. பின்னால் வந்து இடித்தால் பின்னால் வந்தவரையே எவரும் முதலில் சந்தேகிப்பார்கள். நேருக்கு நேர் மோதினால் நடுக்கோட்டைத் தாண்டியவர் யார் என்று பார்ப்பார்கள். விலாவில் விழுந்த அடிக்கு அப்படி எளிதான விடை கிடைப்பதில்லை. இருவருக்கும் அந்த வீதியில் போக உரிமை இருந்தது. மற்றவரே குறுக்கே விட்டார் என்று இருவரும் சொல்வார்கள். யாழ்ப்பாணத்தில் இந்தக் கேள்வியின் வடிவம் "ஆர் பிழை?" என்பது. மானிப்பாய் வீதிகளில் இதற்கு விடை தேடிய முறை ஏறக்குறைய ஒரு நூற்றாண்டில் பலமுறை மாறியிருக்கிறது. அந்த மாற்றத்தில் உரோமாபுரியின் சட்டத்துக்கும் பங்குண்டு, கிளுவங்கதியாலுக்கும் பங்குண்டு.

யாழ்ப்பாண நகரிலிருந்து ஆனைக்கோட்டை ஊடாக வரும் பெருவீதி மானிப்பாயைக் கடந்து சண்டிலிப்பாய், சங்கானை, காரைநகர் என்று போகிறது. கைதடிக்குப் போகும் வீதியும் மானிப்பாயிலிருந்தே புறப்படுகிறது. நவாலி, சுதுமலை, உடுவில் ஆகிய அயலூர்களிலிருந்து வரும் சிறு வீதிகளும் எண்ணற்ற ஒழுங்கைகளும் இவற்றில் வந்து முட்டுகின்றன. வைத்தியர் சாமுவேல் கிறீன் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நிலைநிறுத்திய மருத்துவமனையும், 1910இல் தொடங்கிய இந்துக் கல்லூரியும், மருதடி விநாயகர் கோயிலும் சனத்தை நாள்தோறும் இந்தச் சந்திகளுக்கு இழுத்து வந்தன. ஒழுங்கைகள் வண்டிக்கும் கால்நடைக்கும் அளவாக அமைந்தவை. இரண்டு கார்கள் எதிரெதிரே வந்தால் ஒன்று யாருடையதேனும் படலையடியில் ஒதுங்கி நிற்க வேண்டிய அகலம்தான் பல இடங்களில் இருந்தது.

அந்த ஒழுங்கைகளின் இரு பக்கத்தையும் வேலி மூடியிருந்தது. கிளுவை, பூவரசு முதலிய கதியால்களை நெருக்கி நட்டு, கிடுகாலோ பனையோலையாலோ ஆள் உயரத்துக்கு மேல் அடைத்த வேலி அது. வீட்டு முற்றம் வெளியாருக்குத் தெரியக்கூடாது என்பதே அதன் நோக்கம். ஒழுங்கை பெருவீதியைத் தொடும் மூலையிலும் வேலி கடைசிக் கதியால் வரை அப்படியே நின்றது. ஆகவே ஒழுங்கையிலிருந்து வெளியேறுபவர் தன் வாகனத்தின் மூக்கைப் பெருவீதிக்குள் நீட்டாமல் எதையும் பார்க்க முடியாது. புதிதாக அடைத்த வேலிக்குள்ளால் வெளிச்சம்கூட வராது. ஓலை உக்கி இற்ற பழைய வேலிக்குள்ளால் வருகிற வாகனத்தின் அசைவு தெரியும். அப்படிப்பட்ட மூலையில் மோதல் நடந்தால், வேலி எப்போது அடைக்கப்பட்டது என்பதே பிழையைத் தீர்மானிக்கக்கூடிய உண்மையாகிவிடுகிறது. எல்லை வேலிக்காகத் தலைமுறை தலைமுறையாக வழக்காடிய ஒரு சமூகத்தில், வீதி விபத்திலும் வேலியே சாட்சியாக வந்து நிற்பது வியப்பானதல்ல.

வழக்கு என்று போனால் அங்கே ஆண்டது யாழ்ப்பாணத்தின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமை அல்ல. ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் 1707இல் தொகுத்து முடித்த அந்த வழமை, சொத்து, சீதனம், ஈடு, முன்வாங்கும் உரிமை போன்றவற்றுக்கே பெரிதும் உரியது. ஒருவர் கவனக்குறைவால் இன்னொருவருக்கு வந்த சேதத்தை, ஒல்லாந்தர் விட்டுச்சென்று ஆங்கிலேயர் 1799ஆம் ஆண்டுப் பிரகடனத்தால் தக்கவைத்த உரோம டச்சுச் சட்டமே அளந்தது. அதன் வேர், கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டில் உரோமாபுரியில் இயற்றப்பட்ட அக்குவீலியச் சட்டம். சேதம் நடந்ததைக் காட்டினால் மட்டும் போதாது, அது எதிராளியின் பிழையால் நடந்தது என்பதையும் வழக்காளி காட்ட வேண்டும் என்ற விதி அங்கிருந்து வந்தது.

வாகனப் பிழை பற்றிய மிகப் பழைய ஆராய்ச்சியொன்றும் அந்தச் சட்டத்தின் விளக்கங்களுக்குள் இருக்கிறது. கப்பித்தோலியக் குன்றில் பாரமேற்றிய இரண்டு கோவேறு கழுதை வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறின. முன்வண்டி பின்னோக்கிச் சரிந்து பின்வண்டியைத் தள்ள, பின்வண்டிக்கு அடியில் ஓர் அடிமைச் சிறுவன் நசுங்கினான். யார்மீது வழக்கிடுவது என்று கேட்டபோது, அல்பேனுஸ் என்ற சட்டஅறிஞர் நடந்தது என்ன என்பதைப் பொறுத்தே சட்டம் அமையும் என்றார். முன்வண்டியைத் தாங்கிப் பிடித்தவர்கள் தாமாகவே கைவிட்டிருந்தால் பிழை அவர்களுடையது. விலங்கு மிரண்டு, உயிருக்கு அஞ்சி அவர்கள் விலகியிருந்தால் விலங்கின் சொந்தக்காரரே பொறுப்பு. எந்த வண்டி எதை இடித்தது என்பதற்கு முன்னால், ஏன் இடித்தது என்ற கேள்வியை வைத்த பதில் அது. மானிப்பாய்ச் சந்திக்கு இதைவிடப் பொருத்தமான தொடக்கம் வேறில்லை.

இலங்கைக்கு முதல் கார் 1902இல் வந்தது. 1905இல் கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் வரை ரயில் பாதை முழுமையானது. கரத்தைகளோடும் குதிரை வண்டிகளோடும் மோட்டார் வாகனமும் வீதியில் சேர்ந்தபின், 1916ஆம் ஆண்டின் வாகனக் கட்டளைச்சட்டமும் 1927ஆம் ஆண்டின் மோட்டார் கார் கட்டளைச்சட்டமும் வந்தன. 1928இல் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் அமைந்தது. 1938ஆம் ஆண்டின் கட்டளைச்சட்டம் மூன்றாம் தரப்புக் காப்புறுதியைக் கட்டாயமாக்கியது. அதுவரை வழக்கில் வென்றவரும் தோற்றவரின் சட்டைப்பையை நம்பியே இருக்க வேண்டியிருந்தது. பிழையை நிரூபிப்பதற்கு உண்மையான பெறுமதி வந்தது இந்தக் காப்புறுதியோடுதான்.

அக்காலத்தில் விபத்து நடந்த இடத்துக்கு ஊரின் சார்பில் வரக்கூடியவர் விதானையார். கிராமத் தலைமை முறை 1963இல் ஒழிக்கப்பட்டுக் கிராம சேவையாளர் வரும்வரை, யாருடைய வாகனம், எங்கே நின்றது, யார் பார்த்தார்கள் என்று சொல்ல ஊரில் பொறுப்பான ஒருவர் அவராகவே இருந்தார். பின்னர் பொலிஸார் நாடா பிடித்து அளந்து வரைபடம் கீறினர். வழக்கு நீதிமன்றத்துக்குப் போனால் பிரக்கிராசி எழுத, அப்புக்காத்து வாதாட, சாட்சி தமிழில் சொன்னது ஆங்கிலத்தில் பதிவானது. "குறுக்கே விட்டவன்" என்ற ஒரு சொல் மொழிபெயர்க்கப்படும்போது, பார்க்காமல் வந்தவனா, வேகமாக வந்தவனா, முந்திவிடலாம் என்று துணிந்தவனா என்ற வேறுபாடு கரைந்துபோகக்கூடும். பிழை இருப்பதோ அந்த வேறுபாட்டில்தான்.

சாட்சிகளின் சொல் முரண்படும்போது வீதியே பேச வேண்டும். மோதிய கணத்தில் வாகனங்களின் அடியில் ஒட்டியிருந்த காய்ந்த சேறு உதிர்கிறது. விளக்குக் கண்ணாடி சிதறுகிறது. சேறு குவியலாக விழுந்த இடம் பெரும்பாலும் மோதிய இடத்துக்குக் கிட்ட இருக்கும். கண்ணாடி வாகனம் போன திசையில் சற்றுத் தள்ளிப் பரவும். வாகனங்கள் கடைசியில் நின்ற இடம் வேறு, மோதிய இடம் வேறு. இவ்விரண்டையும் குழப்பிய வரைபடத்தால் பயனில்லை. முன்கதவில் விழுந்த அடி, குறுக்கே வந்த வாகனம் சந்திக்குள் அப்போதுதான் நுழைந்தது என்பதைக் காட்டலாம். பின்சில்லுக்கு மேல் விழுந்த அடி, அது ஏறக்குறைய கடந்து முடித்துவிட்டது என்பதைக் காட்டலாம். தடுப்புப் போட்டு ரயர் உரைந்த அடையாளம் வேகத்தைச் சொல்லும். காய்ந்த தார்வீதியில் 12 மீற்றர் உரைந்து நின்ற வாகனம் ஏறக்குறைய மணிக்கு 46 கிலோமீற்றர் வேகத்தில் வந்திருக்கும். ஒழுங்கை வாயில்களில் படியும் மணல் உராய்வைக் குறைப்பதால், அதே நீள அடையாளம் அங்கே அதைவிடக் குறைந்த வேகத்தையே குறிக்கும்.

விலாவில் அடி வாங்கியவர் பாதிக்கப்பட்டவர், முகப்பால் அடித்தவர் பிழைகாரர் என்ற எண்ணம் ஊரில் வலுவாக உண்டு. அது தவறு. சேதமடைந்த பக்கம் மோதல் எப்படி நடந்தது என்பதை மட்டுமே சொல்கிறது. ஒழுங்கையிலிருந்து வழிவிடாமல் பாய்ந்த கார் தன் விலாவைத் தானே கொண்டுவந்து கொடுத்திருக்கலாம். அதேபோல், பெருவீதியில் வந்தேன் என்பதும் முழுப் பாதுகாப்பு அல்ல. மணிக்கு 50 கிலோமீற்றரில் வருபவர் ஆபத்தை உணரும் ஒரு விநாடிக்குள் 14 மீற்றர் கடந்துவிடுகிறார். தடுப்புப் போட்டு நிற்க இன்னும் ஏறக்குறைய 14 மீற்றர் வேண்டும். மணிக்கு 30 கிலோமீற்றரில் வந்தால் எல்லாம் சேர்ந்து 13, 14 மீற்றரில் நின்றுவிடலாம். வேலி மறைக்கும் சந்தியென்று தெரிந்தும் வேகத்தைக் குறைக்காதவரின் பிழை இந்த இடைவெளியில் இருக்கிறது.

1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் இந்தக் கடமைகளை எழுத்தில் வைத்தது. ஒரு வீதியிலிருந்து இன்னொன்றுக்குள் நுழைபவர் அங்கு போகும் வாகனங்களுக்குத் தடையாகக் கூடாது. விபத்தைத் தவிர்க்க வேண்டியதை ஒவ்வொரு சாரதியும் செய்ய வேண்டும். மற்றவர் விதியை மீறினார் என்பது மட்டும் தன் கடமையிலிருந்து ஒருவரை விடுவித்துவிடாது. விபத்து நடந்தால் நிறுத்தி, உதவி செய்து, பொலிஸாருக்கு அறிவிக்கவும் அது கட்டளையிட்டது.

ஆனாலும் இருவரிடமும் பிழை இருந்தால் நட்டஈடு என்னாவது என்ற சிக்கல் 1968 வரை தீரவில்லை. அதற்கு முன், விபத்தைத் தவிர்க்கும் கடைசி வாய்ப்பு யாரிடம் இருந்தது என்று தேடினார்கள். இது 1842இல் இங்கிலாந்தில் தீர்ந்த ஒரு கழுதை வழக்கோடு சேர்த்துப் பேசப்படும் கோட்பாடு: முன்கால்களைக் கட்டி வீதியோரம் விட்டிருந்த கழுதையை வேகமாக வந்த வண்டி மோதிக் கொன்றது; கழுதைக்காரரிடமும் பிழை இருந்தும், கடைசியில் தவிர்க்கக்கூடியவர் வண்டிக்காரர் என்பதால் அவரே ஈடு கொடுத்தார். சந்தி மோதலில் இந்த முறை கொடுமையாக வேலை செய்தது. ஒருவர் முழுவதும் பெற்றார், மற்றவர் ஒன்றும் பெறவில்லை. எல்லாம் ஒரு விநாடியைப் பற்றிய சாட்சியத்தில் தொங்கியது. 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், பிழையின் பங்குக்கேற்ப நட்டஈட்டைக் குறைக்கும்படி நீதிமன்றத்துக்குச் சொன்னது. பத்து இலட்சம் ரூபா சேதமடைந்தவரின் பங்கு முப்பது வீதமானால் அவருக்கு ஏழு இலட்சம். ஒழுங்கையால் வந்தவரும் பெருவீதியால் வந்தவரும் சேர்ந்தே விபத்தை உண்டாக்கினர் என்ற உண்மையைச் சட்டம் ஏற்றுக்கொண்டது அப்போதுதான். இந்த வரலாற்றில் மிக நியாயமான மாற்றம் இதுவே.

நட்டஈட்டு வழக்கின் பக்கத்திலேயே குற்ற வழக்கும் ஓடியது. 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 298ஆம் பிரிவு கவனக்குறைவால் மரணம் விளைவிப்பதைத் தண்டிக்கிறது. சிறு காயமென்றால் பலர் நீதவான் முன் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டப்பணம் கட்டி அலைச்சலை முடித்துக்கொள்வார்கள். 1998ஆம் ஆண்டில் சான்றுக் கட்டளைச்சட்டம் திருத்தப்பட்டபின், அத்தகைய குற்றத்தீர்ப்பு நட்டஈட்டு வழக்கிலும் சான்றாக வரலாம். அலைச்சலுக்கு அஞ்சிச் சொன்ன ஒரு "ஓம்" பிறகு பெருந்தொகையாகத் திரும்பி வரக்கூடும்.

போர்க்காலம் இவையெல்லாவற்றையும் நிறுத்தியது. 1990இன் பின் எரிபொருள் தடையால் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. வீதிகள் சைக்கிள்களால் நிறைந்தன. காப்புறுதி இல்லாத சைக்கிளோடு மோதியவருக்கு ஈடு தர எந்த நிறுவனமும் இருக்கவில்லை. 1991இல் விடுதலைப் புலிகளின் காவல்துறையும் 1993இல் அவர்களின் நீதிமன்றங்களும் வந்தன. அவற்றின் தீர்ப்புகள் அரசின் சட்டத்தில் செல்லுபடியாகவில்லை. 1995 ஒக்டோபரில் வலிகாமமே இடம்பெயர்ந்தபோது ஆவணங்களும் சாட்சிகளும் ஊரோடு சிதறின.

2009இன் பின் வாகனங்கள் பெருகின. கிடுகு வேலி நின்ற இடங்களில் மதில்கள் எழுந்தன. ஓலை உக்குவதுபோல மதில் உக்குவதில்லை, மூலையின் மறைப்பு நிரந்தரமாயிற்று. மறுபக்கம், கடைகளின் கண்காணிப்புக் கமரா, எந்த விதானையாரும் தர முடியாத சாட்சியத்தைத் தருகிறது. ஆனால் பல கருவிகளில் பதிவு சில நாட்களிலேயே அழிந்து அதன்மேல் புதிய பதிவு விழுந்துவிடும். மோதிய அன்றே அதைக் கேட்டு வாங்குவதும், வாகனங்களை நகர்த்துமுன் நான்கு பக்கமும் படம் எடுப்பதும், சேறும் கண்ணாடியும் கிடந்த இடத்தை அளப்பதும் இன்று பாதிக்கப்பட்டவரின் கையிலேயே உள்ளன.

வழக்கிடும் காலக்கெடு மட்டும் மாறவில்லை. 1871ஆம் ஆண்டின் காலவிதிப்புக் கட்டளைச்சட்டப்படி, சேதத்துக்கான வழக்கை இரண்டு ஆண்டுக்குள் தொடர வேண்டும். போரால் நீதிமன்றம் போக முடியாதவர்களுக்கென 2016இல் ஒரு சிறப்புச் சட்டம் வந்தது. அது காணி முதலிய அசையாச் சொத்துக்கு மட்டுமே உரியது. போர் ஆண்டுகளில் சந்தியில் காலை இழந்தவருக்கும் உழைப்பாளியைப் பறிகொடுத்த வீட்டுக்கும் அதில் இடமில்லை.