பொதுச் சாதனமும் பழுது மீட்பும்: வன்பொருள் மெய்நிகராக்க வரலாற்றில் ஒரு நோக்கு

1973ஆம் ஆண்டு சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் ஐபிஎம் 370/155 கணினி நிறுவப்பட்டது. ஒரே கணினியைப் பலர் பகிர்ந்து பயன்படுத்திய காலம் அது. பகிர்வு செலவைக் குறைக்கும். ஆயின் பழுதையும் பொதுவாக்கும். ஏரிப் பாசனம் மிக்க திருவண்ணாமலைப் பகுதியில் ஒரு மதகு அடைபட்டால் அதன் கீழுள்ள வயல்கள் அனைத்தும் வாடுவதை இதற்கு ஒப்பிடலாம். ஒரே வன்பொருளின் மீது பல மெய்நிகர் கணினிகளை இயக்கும் மெய்நிகராக்க முறையில் இச்சிக்கல் எதிர்கொள்ளப்பட்ட விதத்தை இக்கட்டுரை மூன்று கட்டங்களாக ஆராய்கிறது.

முதற்கட்டம், ஐபிஎம் நிறுவனம் 1972இல் அறிவித்த விஎம்/370. இதில் மெய்நிகர் கணினிகள் அச்சிடக் கொடுத்தவை பொதுவாக முதலில் வட்டில் சேமிக்கப்பட்டு, அதன் பின்னரே அச்சுப்பொறிக்குச் சென்றன. அச்சுப்பொறி இடையில் நின்றாலும், வட்டிலிருந்த படியைக் கொண்டு கணினி இயக்குநர் மீண்டும் அச்சிட இயன்றது. பயனரின் பணி தடைபடவில்லை.

இரண்டாம் கட்டம், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தினர் 2003இல் வெளியிட்ட ஸென். சாதனத்தை இயக்கும் மென்பொருளைத் தனியொரு மெய்நிகர் கணினியில் அடைத்து வைக்கும் வழியை அவர்கள் 2004இல் விளக்கினர். அம்மென்பொருள் செயலிழந்தால் அதனை மட்டும் மீளத் தொடங்கலாம். வட்டுக்கு அனுப்பி விடை வராத கோரிக்கைகளின் பதிவு பயனர் கணினியிடம் இருப்பதால், அது மீண்டும் இணைந்து அவற்றை மறுபடி அனுப்பும்.

மூன்றாம் கட்டம், 2007இல் பிசிஐ-எஸ்ஐஜி அமைப்பு வகுத்த எஸ்ஆர்-ஐஓவி. ஒரு சாதனம் தன்னைத்தானே பல மெய்நிகர்க் கூறுகளாகக் காட்டி, ஒவ்வொன்றையும் ஒரு பயனர் கணினிக்கு நேரடியாக ஒப்படைக்க இது வழிசெய்தது. இடைமென்பொருள் விலகியதால் வேகம் கூடியது. பழுதுற்ற கூற்றை மட்டும் மீட்டமைக்கவும் இயலும். ஆயினும் மீட்டமைப்பு அக்கூற்றின் நிலையை அழித்துவிடும். நிறைவுறாத பணிகளின் பதிவு இடையில் எவரிடமும் இராது. அடிப்படைக் கூறே மீட்டமைக்கப்பட்டால், அதனைச் சார்ந்த மெய்நிகர்க் கூறுகள் அனைத்தும் மறைந்துபோகும்.

ஆகவே, மீட்பின் வளர்ச்சியை நேர்கோட்டு முன்னேற்றமாகக் கருதுதல் பொருந்தாது. இடையாளர் விலகியபோது வேகம் பெருகியது. பழுதைப் பயனர் அறியாமலே சரிசெய்யும் ஆற்றல் குறைந்தது. பொறுப்பு இயக்குநரிடமிருந்து பயனர் கணினியின் இயக்கிமென்பொருளுக்கு நகர்ந்தது. வரைகலைச் செயலிகளும் இன்று பகிரப்படும் நிலையில், ஒரு பகிர்வு முறையை மதிப்பிடும்போது வேகத்தோடு, நிறைவுறாத பணியின் பதிவை யார் காக்கின்றனர் என்பதையும் கேட்டாக வேண்டும்.