மஞ்சள் விளக்கின் மொழி

வெள்ளவத்தையின் ஒழுங்கைகளிலும் கொட்டாஞ்சேனையின் நெருக்கமான தெருக்களிலும் முப்பது ஆண்டுகளைக் கடந்த யப்பானிய மோட்டார்க் கார்கள் இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றிற் பலவற்றில், சாரதிக்கு எதிரேயுள்ள பலகையில், இயந்திரத்தின் உருவம் பொறித்த சிறு மஞ்சள் விளக்கொன்று உண்டு. சாவியைத் திருப்பியதும் அது எரியும். இயந்திரம் இயங்கியதும் அணைந்துவிட வேண்டும். அணையாது நின்றால், வண்டி எதையோ முறையிடுகின்றது என்பது பொருள். இவ்விளக்கு எவ்வாறு தோன்றிற்று, அதன் மொழியை நம் ஊரார் எங்ஙனம் கற்றனர் என்பதை நேயர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகின்றேன்.

இவ்வரலாறு அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துப் புகையில் தொடங்குகின்றது. 1940களில் அந்நகர மக்களின் கண்களை எரியச் செய்த புகைமூட்டத்தின் காரணத்தை, 1950களின் தொடக்கத்தில் ஹாகன்-ஸ்மிட் என்னும் இரசாயன அறிஞர் விளக்கினார். மோட்டார் வண்டிகளும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் வெளிவிடும் வாயுக்கள் சூரிய ஒளிபட்டு நச்சுப் புகையாக மாறுகின்றன என்பதே அவர் கண்ட உண்மை. 1967இல் கலிபோர்னியா மாநிலம் வளிமண்டலத்தைக் காப்பதற்கென ஒரு சபையை அமைத்தது. புகையைக் குறைக்க வேண்டுமாயின் பெற்றோலை அளவறிந்து எரிக்க வேண்டும். நிறையளவில் ஒரு பங்கு பெற்றோலுக்கு ஏறத்தாழ 14.7 பங்கு வளி வேண்டும். பழைய காபுரேற்றரால் இந்நுட்பத்தை எந்நேரமும் காக்க இயலாது. ஆகவே வண்டிக்குள் மின்னணு மூளை புகுந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் அமெரிக்காவில் விற்ற 1981ஆம் ஆண்டுப் பெற்றோல் கார்கள் அனைத்திலும் அத்தகைய மூளையைப் பொருத்தியது.

புகை கட்டுப்படுத்தும் உறுப்பு பழுதானாலும் வண்டி ஓடும். சாரதி அதை உணரான். எனவே பழுதைத் தானே கண்டு அறிவிக்கும் ஆற்றல் வண்டிக்கு இருத்தல் வேண்டும் என்று கலிபோர்னியா விதித்தது. 1988ஆம் ஆண்டு மாதிரிகளிலிருந்து அவ்விதி நடைமுறைக்கு வந்தது. ஆனால் எம்மொழியில் அறிவிப்பது என்பதில் ஒற்றுமை இருக்கவில்லை. ரொயோட்டாவில் பொனற்றின் கீழுள்ள சிறு பெட்டியைத் திறந்து, ‘ரீஈ1’, ‘ஈ1’ என்னும் இரு துவாரங்களையும் ஒரு கம்பித் துண்டால் இணைத்துச் சாவியைத் திருப்பினால், மஞ்சள் விளக்கு சிமிட்டத் தொடங்கும். இரண்டு சிமிட்டல், சிறு இடைவெளி, மீண்டும் இரண்டு சிமிட்டல் எனில் 22 என்பது குறியெண். நிசானில் மூளைப்பெட்டியிலுள்ள திருகாணியைத் திருப்ப வேண்டும். அங்கே 55 என்றால் குறை ஒன்றுமில்லை. ஹொண்டாவின் சில கார்களிலோ தரைவிரிப்பைத் தூக்கி, மூளைப்பெட்டியில் மின்னும் சிறு விளக்கை எண்ணவேண்டும்.

1977இல் இலங்கையின் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பின்னர், யப்பானில் ஓடிக் கழிந்த கார்கள் ‘றீகொண்டிஷன்’ என்ற பெயருடன் இங்கு பெருகின. இரு நாடுகளிலும் வீதியின் இடப்பக்கமாகவே வாகனங்கள் செல்வதால், அவை மாற்றமின்றிப் பயன்பட்டன. கார்கள் வந்தன, அவற்றுடன் வந்த புத்தகங்களோ யப்பானிய மொழியில் இருந்தன. எனினும் நம் கராஜ்களின் பாஸ்மார் தளரவில்லை. பஞ்சிகாவத்தையில் பழைய உதிரிப்பாகம் வாங்கி மாற்றிப் பார்த்தும், ஒருவர் கண்டதை மற்றவருக்குச் சொல்லியும், கம்பித் துண்டையே கருவியாகக் கொண்டு அம்மொழியைக் கற்றனர். பள்ளிக்கூடம் நடத்தாத இக்கல்வியை நான் மிக மதிக்கின்றேன்.

ஆயினும் இங்கே ஒரு தவறு நிகழ்கின்றது. என் கார் ஒரு பழைய கொறொல்லா. சில ஆண்டுகளுக்கு முன் அதன் விளக்கு 22 என்று சிமிட்டியது. அது இயந்திரத்தைக் குளிர்விக்கும் நீரின் வெப்பத்தை அறிவிக்கும் உணரியைச் சுட்டும் எண். ஒரு கராஜில் உணரியை மாற்றினார்கள், பணமும் கொடுத்தேன். மூன்றாம் நாள் விளக்கு மீண்டும் எரிந்தது. வேறோர் இடத்தில் முதிய பாஸ் ஒருவர் உணரியைத் தொடவேயில்லை. அதனுடன் சேரும் இணைப்பைக் கழற்றிக் காட்டினார். உள்ளே பச்சைக் களிம்பு படிந்திருந்தது. வெள்ளவத்தைக் கடற்காற்றின் உப்பு செய்த வேலை அது!

நடந்தது இதுதான். நீர் குளிரக் குளிர உணரியின் மின்தடை உயரும். இணைப்பு அறுந்தாலோ தடை எல்லைகடந்துவிடும். கொழும்பில் உறைபனிக்கும் கீழான குளிர் என்ற செய்தி மூளைக்கு எட்டும். அது நடவாத காரியம் என உணர்ந்து, மூளை 22ஐக் குறித்துக்கொள்ளும். உணரி கெட்டது என்று அது கூறவில்லை. அவ்வழியே வரும் செய்தி நம்பத்தக்கதன்று என்றே கூறியது. பாடசாலை இடாப்பு ஒரு மாணவன் வரவில்லை என்பதைக் காட்டும். காய்ச்சலா, வறுமையா, வீட்டுத் துயரா என்பதை ஆசிரியர் சென்று விசாரித்தே அறிய வேண்டும். வராதவன் பெயரை வெட்டிவிட்டு வேறொருவனைச் சேர்ப்பது தீர்வாகுமா?

1996 முதல் அமெரிக்காவில் விற்கப்படும் கார்கள் யாவும் பதினாறு முனை இணைப்பும் பொதுவான குறியெண்களும் கொண்டிருத்தல் வேண்டும் என்றாயிற்று. 2001 முதல் ஐரோப்பாவும் பெற்றோல் கார்களுக்கு அவ்வழி சென்றது. இன்று சிறு கருவியைச் செருகினால் கைப்பேசித் திரையிலேயே எண் தோன்றும். பழைய கார்களுக்கு அக்கருவி உதவாது. கம்பித் துண்டே வேண்டும். 2020இல் வாகன இறக்குமதி தடைசெய்யப்பட்டு, 2025 வரை சொந்தப் பாவனைக்குப் புதுக் கார் வருவது நின்றிருந்தபோது, இப்பழைய கார்களை நம்பியே எத்தனையோ குடும்பங்கள் காலந்தள்ளின. அத்தகைய வீட்டில், தேவையற்று மாற்றிய ஓர் உணரியின் விலை சிறிதன்று.

ஆகவே நேயர்களே, விளக்கு எரிந்தால் பற்றறியைக் கழற்ற விடாதீர்கள். கழற்றினால் எழுதிவைத்த எண் அழிந்துவிடும். முதலில் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னர் இணைப்பையும் கம்பியையும் பார்க்கச் சொல்லுங்கள். உதிரிப்பாகம் வாங்குவது அதன் பின்னரே ஆகட்டும்.