வினாவால் விளைந்த வரலாறு

இலங்கை வரலாறு பயில்வோர் றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயரின் நூலை அறியாதிருத்தல் அரிது. 1660ஆம் ஆண்டிற் கொட்டியாரத்தில், கப்பற்றலைவராகிய தந்தையோடு கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்களாற் பிடிக்கப்பட்டபோது அவருக்கு வயது 19. 1679இல் ஒரு தோழரோடு அநுராதபுரக் காடுகளினூடே நடந்து, அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். 1680இல் இலண்டன் சேர்ந்தார். மறு ஆண்டில் நூல் வெளிவந்தது. அதனை மேற்கோளாகக் காட்டுவோர் பலர்; அஃது எவ்வாறு நூலாயிற்று என ஆராய்வோர் சிலரே.

நொக்ஸ் கல்விமானல்லர், மாலுமி. தாயகம் திரும்புங்காற் கப்பலிலிருந்தே தம் நினைவில் நின்றவற்றை எழுதினார். அவ்வேடுகள் ஒழுங்கற்றுக் கிடந்தன என்றும், சமயகுருவாகிய தம் உறவினர் ஜோன் ஸ்ற்றைப் என்பாரே அவற்றைத் தலைப்புகளாகவும் அதிகாரங்களாகவும் வகுத்தார் என்றும், தாம் சுருங்கத் தொட்ட இடங்கள் அப்போது விரிக்கப்பட்டன என்றும் அவரே பிற்காலத்தில் எழுதிவைத்துள்ளார். விரிக்க வேண்டுமாயின் முதலிற் கேட்க வேண்டுமன்றோ? இந்த ஸ்ற்றைப் பின்னர் வரலாற்றாசிரியராகப் புகழ்பெற்று, 1720இல் இலண்டன் நகர வரலாறொன்றைப் பெருக்கி வெளியிட்டார்.

நூலுக்கு முன்னுரை வழங்கியவர் விஞ்ஞானியான றொபேட் ஹூக். அவர் சார்ந்த இலண்டன் வேத்தியற் கழகம், தூரதேசஞ் செல்லும் மாலுமிகள் எவற்றை நோக்கவேண்டும், எவற்றைக் குறிக்கவேண்டும் என்னும் அறிவுறுத்தல்களை 1666இலேயே அச்சிட்டிருந்தது. முன்னுரையில் ஹூக் கூறுவது நம்மனோர் ஊன்றி நோக்கற்பாலது. பல நாடுகளைக் கண்டோர் உளர். ஆயின் எது குறிக்கத்தக்கது என அவர்க்கு உணர்த்துவாரில்லை. திரும்பி வந்தோரை விரிவாக வினவி, வேண்டுவதைக் கொண்டு வேண்டாததை விலக்கி, வரலாறாகக் கோப்பாருமில்லை. அத்தகையவர் ஒருவர் வேண்டும். சொன்னவருக்கு அவரவர் தகுதிக்கேற்பக் கைம்மாறு செய்யவும் அவருக்கு வசதி வேண்டும் என்கிறார். செவ்வி காண்போர்க்கு இதனினும் தெளிவான இலக்கணம் கிடைப்பது அரிது. கைம்மாற்றையும் மறவாமற் சேர்த்தமை அவர் நேர்மைக்குச் சான்று.

நூலின் அமைப்பை நோக்குக. சிறைமீண்ட ஒருவன் தன் துன்பத்திலேயே தொடங்குவான். இந்நூலோ நாட்டின் இயல்பு, மன்னனும் ஆட்சியும், மக்களின் வழக்கங்கள் என மூன்று பகுதிகளைக் கடந்தபின்னரே, நான்காவதில் நொக்ஸின் கதைக்கு வருகின்றது. வயலுழும் முறை, மாடுகளைக் கொண்டு சூடு மிதிக்கும் முறை, மழைக்குக் குடையாகும் தாளிப்பனை ஓலை முதலியன முன்னே நிற்கின்றன. நாடோறும் காண்பதை எவரும் செய்தியெனக் கருதுவதில்லை. இருபதாண்டு அவற்றிடையே வாழ்ந்தவர்க்கு அவை சொல்லத்தக்கனவாகத் தோன்றியமைக்கு, கேட்டவரின் அறியாமையும் ஆர்வமுமே பெரிதும் காரணம் என்பது எமது துணிபு.

எனினும் வினாப்பட்டியல் எல்லாவற்றையும் ஈட்டித்தராது. மன்னனைப் பற்றிய பகுதியிற் கைதியின் கசப்புப் படிந்துள்ளது. நொக்ஸ் பெரும்பாலும் கிராமங்களில் வாழ்ந்தவர். ஆதலின் அரண்மனைச் செய்திகளிற் கண்டது எது, கேட்டது எது என்று வாசகன் தானே பிரித்தறிய வேண்டியுள்ளது. மறுபுறம், நூலின் உயிர்ப்பான பக்கங்கள் எந்த வினாவுக்கும் விடையல்ல. 1661இற் பண்டார கொஸ்வத்தையில் தந்தை காய்ச்சலால் இறந்தார். தாமும் நோயுற்றிருந்த மகன் ஊராரிடம் உதவி கேட்டபோது, பிணத்தைக் கட்டியிழுக்க ஒரு கயிறே கிடைத்தது. இதனைச் சொல்லும் இடத்தில் நொக்ஸ் எவருக்கும் விடையிறுக்கவில்லை, தாமே பேசுகின்றார். இங்கே பேசவிட்டோரின் அடக்கமும் பாராட்டத்தக்கது.

நம் மாணவரை ஊர் வரலாறு திரட்ட அனுப்பும்போது, இருபது வினாக்களை எழுதிக் கொடுத்து, முதியோரின் விடைகளை அவற்றின் எதிரே நிரப்பிவரச் செய்கின்றோம். தலைக்கோள் ஊன்றிய முறை, கிணற்றுப்பங்கு, கடன் முறி என்பன பற்றிக் கேட்க அப்பட்டியல் உதவும். முதியவர் வினாவை விட்டு விலகிப் பேசத் தொடங்கும்போது மாணவன் தாளைப் பார்த்து அடுத்த வினாவுக்குத் தாவிவிடுகின்றான். தாளை மடிக்கவும் அவனுக்குக் கற்பித்தல் வேண்டும்.

நூல் வெளிவந்ததோடு ஹூக் வினவுதலை நிறுத்தினாரல்லர். அவரது நாட்குறிப்பில் நொக்ஸின் பெயர் பன்முறை வருகின்றது. காட்டுக் குளத்து நீரால் வந்த நோய்க்குக் கைதிகள் பனங்கட்டி போன்ற வெல்லத்தோடு உண்ட கஞ்சா இலையைப் பற்றி நூலிற் சிறிதே கூறப்பட்டிருந்தது. நூல் வெளிவந்து எட்டாண்டுகளின் பின், 1689 டிசம்பரில், அவ்விலையின் இயல்பை நொக்ஸிடமிருந்து அறிந்தவாறு ஹூக் வேத்தியற் கழகத்தில் விரித்துரைத்தார்.