குறையே சத்தமான கதை

எலெக்ட்ரிக் கிடாருக்குன்னு தனியா செய்யற ஸ்பீக்கர் இருக்கே, அது நேர்மையான ஸ்பீக்கரே இல்லைங்க. சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல கையை விரிச்சுடும். 1960-களில் லண்டன்ல ஜிம் மார்ஷல் நாலு 12 அங்குல செலஸ்டியன் ஸ்பீக்கர்களை ஒரே பெட்டிக்குள்ள அடைச்சப்பவும் இந்தக் குறை அப்படியேதான் இருந்தது. நல்லவேளை! டிஸ்டார்ஷனோட கரகரப்பை வடிகட்டினதே அதுதான். 1964-ல் கிங்க்ஸ் குழுவோட டேவ் டேவிஸ் ஒருபடி மேல போய், ஸ்பீக்கர் காகிதத்தை பிளேடால கிழிச்சே ஒரு புது சத்தம் கொண்டுவந்தார்.

1998-ல் லைன் 6-இன் பாட், 2006-ல் ஃப்ராக்டலின் ஆக்ஸ்-எஃப்எக்ஸ். ஆம்ப், பெட்டி, முன்னால வைக்கிற மைக் எல்லாத்தையும் கணக்குப் போட்டே காட்டற கருவிகள். இதுல வர்ற சத்தத்தை மறுபடி கிடார் பெட்டியில விட்டா, இரண்டு தரம் வடிகட்டினதுல மந்தமாயிடும். அதுக்குத்தான் உள்ளதை உள்ளபடி சொல்ற, பவர் ஆம்ப் உள்ளேயே இருக்கற ‘ஃபிளாட்’ பெட்டிகள் தேவைப்பட்டது.

வாசிக்கறவங்களுக்கோ வேற குறை: “ரெக்கார்டு கேக்கற மாதிரி இருக்கு, முதுகுல உதைக்கற அந்தக் காத்து இல்லை.” நியாயம்தான், கருவி காட்டறது மைக் கேட்ட சத்தத்தை. 2018-ல் வந்த லைன் 6 பவர்கேப் ஃபிளாட்டாவும் பாடும், கேட்டா பழைய ஸ்பீக்கர் மாதிரி நடிக்கவும் செய்யும்!

என் ஓட்டு? அறையில தனியா வாசிக்க பழைய பெட்டி. மேடையில, சபைக்குப் போற சத்தமே நமக்கும் கேக்கணும்னா ஃபிளாட். சண்டைக்கு வர்றவங்க வரலாம் :-)