புத்தளக் கரையின் கள்ளும் பவேரியாவின் மார்ட்சனும்

பவேரியாவில் 1553ஆம் ஆண்டின் ஆணையொன்று ஏப்ரல் 23 முதல் செப்டம்பர் 29 வரை பியர் வடிப்பதைத் தடுத்தது. வெப்பத்தில் பியர் கெட்டுவிடும் என்பதே காரணம். மார்ச்சில் வடித்து, குளிர்ந்த நிலவறையில் இலையுதிர்காலம்வரை காத்த பியரே மார்ட்சன். செம்பழுப்பு நிறமும் வறுத்த தானிய மணமும் நாவில் தங்காத இனிப்பும் அதன் தரத்துக்குச் சான்று.

புத்தளம், சிலாபம் கரைகளின் தென்னங்கள்ளுக்கு வாய்த்தவை சில மணித்தியாலங்களே. பாளையில் வடியும் இன்சாறு முட்டியிலேயே புளிக்கத் தொடங்கும். உட்புறம் சுண்ணாம்பு தடவினால் பதநீராக நிற்கும். நுரையையும் புளிப்பையும் கொண்டு சீவல் தொழிலாளர் அதன் பருவத்தை அறிவர்.

1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிச் சட்டத்தின்கீழ் அனுமதிப்பத்திரமின்றி மரஞ்சீவுதல் குற்றமாயிற்று. மார்ட்சனின் இலக்கணம் ஏட்டில் உள்ளது. கள்ளின் இலக்கணமோ சீவுபவரின் நாவில் மட்டுமே வாழ்கிறது. எழுதிவைக்காவிடில் அவரோடு மறைந்துவிடும்.