மலையின் அடியும் மக்களின் குடியும்

ஊவா மாகாணத்தின் வரலாறு பெரும்பாலும் மலையின் மேற்பரப்பு வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. காடழித்துக் கோப்பி பயிரிட்டமை, 1869 இல் தோன்றிய இலைநோயின் பின்னர் தேயிலை பரவியமை, 1924 இல் புகையிரதப் பாதை பதுளையை எட்டியமை என்பனவே அதன் அத்தியாயங்கள். இவற்றுக்கு உழைப்பை நல்கிய இந்திய வம்சாவளித் தமிழரின் லயங்களும் அம்மலைச் சரிவுகளிலேயே அமைந்தன. அச்சரிவுகளின் அடியில் யாது உளது என்ற வினாவை 2014 ஆம் ஆண்டு இருமுறை எழுப்பிற்று.

ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மழைநீர் ஊறிய மலைச்சரிவு இடிந்து லயங்களைப் புதைத்தது. டிசெம்பரில், உமா ஓயாத் திட்டத்திற்காகப் பண்டாரவளைப் பகுதியில் குடையப்பட்ட சுரங்கத்துள் நிலத்தடி நீர் பெருகிப் பாய்ந்தது. மேலிருந்த கிணறுகள் வற்றின. வீட்டுச் சுவர்கள் பிளந்தன. ஓரிடத்தில் நீர் தேங்கியமையும் பிறிதோரிடத்தில் நீர் அகன்றமையும் அழிவுக்கு ஏதுவாயின.

மறைந்திருக்கும் இந்நீரை அகழாமலே அறிய இரு முறைகள் உள. முதலாவது, நில அதிர்வு முறை. சம்மட்டியடியாலோ சிறு வெடியாலோ எழுப்பப்படும் அதிர்வலை, உலர்ந்த மேல்மண்ணில் செக்கனுக்குச் சில நூறு மீற்றரும், நீர் நிறைந்த மண்ணில் ஏறத்தாழ 1500 மீற்றரும், உறுதியான பாறையில் ஏறத்தாழ 5000 மீற்றரும் செல்லும். ஆயின் ஈரமண்ணும் உக்கிய பாறையும் ஒத்த வேகத்தையே காட்டக்கூடும். இரண்டாவது, மின்காந்த முறை. கம்பிச்சுருளில் மாறும் மின்னோட்டம் நிலத்துள்ளும் மின்னோட்டத்தைத் தூண்டும். அதன் வலிமை மின்கடத்துதிறனைக் காட்டும். ஆயின் நீரும் களிமண்ணும் ஒருங்கே மின்னை நன்கு கடத்துவன. ஆதலின் ஒன்றின் ஐயத்தை மற்றொன்று தீர்க்க வேண்டும். கடும்பாறையின் நடுவே அலையின் வேகம் தாழ்ந்து, அங்கேயே மின்கடத்துதிறன் உயருமாயின், நீர் நிறைந்த பிளவு உண்டெனக் கருதலாம். பின்னர் ஒருசில துளைகளே அதனை உறுதிசெய்யப் போதுமானவை.

எனினும் அறிவு மட்டும் உயிரைக் காப்பதில்லை. மீரியபெத்தை மக்களை அகற்ற வேண்டுமென்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இலும் 2011 இலும் எச்சரித்திருந்தது. ஆயினும் 2014 இலும் அவர்கள் அதே லயங்களிலேயே வாழ்ந்தனர். தலைமுறைகளாக வாழ்ந்தும் அம்மண்ணில் அவர்களுக்கு உரிமை இருக்கவில்லை. விட்டுச்செல்ல வேறு நிலமும் இருக்கவில்லை. உமா ஓயா மின்நிலையம் 2024 இல் திறக்கப்பட்டது. மலையைக் குடைந்து மின்சாரம் எடுக்க வல்ல நாடு, மலையடியில் வாழ்வோர்க்குப் பாதுகாப்பான ஒரு துண்டு நிலத்தை வழங்கவும் வல்லதாதல் வேண்டும். நிலத்தடியை அளக்கும் கருவிகள் அபாயத்தின் எல்லையை வரைந்து காட்டும். அவ்வெல்லைக்கு வெளியே மக்களைக் குடியமர்த்துவது அரசினதும் சமூகத்தினதும் கடனாகும்.